பிப்ரவரிச் சந்திப்பு: செடி மாற்று மேசையில் நாமே வளர்த்தது மட்டும் என்று வைத்தால் என்ன?

கொங்குமுள் (கோவை)

நண்பர்களே, பொங்கல் முடிந்ததும் பிப்ரவரிச் சந்திப்புக்கு நாள் குறித்துவிடலாம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசி முடிக்க வேண்டும், அதற்குத்தான் இந்த இழை. நம் கள்ளிக் குழுவின் ஒவ்வொரு சந்திப்பிலும் செடி மாற்று மேசை வைக்கிறோம், ஆளுக்கொன்று கொண்டுவந்து வேறொன்றை எடுத்துப் போகிறோம். கொஞ்ச நாளாக அந்த மேசையில் பாதி ஆன்லைனில் வாங்கி மனசுக்குப் பிடிக்காமல் போனது, மீதி வருகிற வழியில் நர்சரியில் வாங்கியது. விலை ஸ்டிக்கரோடு தொட்டிகள் நிற்கின்றன. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வாங்குவதற்குக் கடை இருக்கிறது, விற்பதற்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறது. குழு என்று கூடுவது விதை போட்டு, குட்டி பிரித்து, ஒட்டுக்கட்டிப் பெருக்கியதை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளத்தானே?

என் யோசனை இது. இந்த முறை மேசையில் உறுப்பினர் தானே வளர்த்தது மட்டும் இருக்கட்டும். விதை நாற்று, பிரித்த குட்டி, இலையிலிருந்து முளைக்க வைத்தது, சொந்தமாகக் கட்டிய ஒட்டு, சொந்தச் செடியில் எடுத்த விதை, எதுவானாலும் சரி. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு, அதில் பெயர், தாய்ச்செடி எங்கிருந்து வந்தது, விதைத்த அல்லது பிரித்த மாதம். காட்டிலிருந்து பிடுங்கியது மட்டும் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி (சென்னை)

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கோவையில் இருப்பவர்களுக்கு ரோஜாப் பூ மாதிரி இலை அடுக்குகிற எச்செவேரியாவின் இலையைத் தட்டில் போட்டால் முளைக்கிறது. சென்னையில் ராத்திரியிலும் சூடும் ஈரப்பதமும் இறங்குவதே இல்லை. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை இலைத்துளையை இரவில்தான் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன, இரவு குளிர்ந்தால்தான் அதற்குச் சௌகரியம். மே மாதத்தில் எச்செவேரியாவை உயிரோடு வைத்திருப்பதே இங்கே பெரிய வேலை, அதில் பெருக்குவது எங்கே. சென்னை, கடலூர் பக்கத்தவர்கள் அடீனியமும், பால் வடிகிற கள்ளியான யூஃபோர்பியாவும்தான் கொண்டுவர முடியும். அதையே எல்லாரும் கொண்டுவந்தால் மேசை முழுக்க அடீனியம் ஆகிவிடும், அதற்கு என்ன வழி?

கொங்குமுள் (கோவை)

அடீனியமாகவே இருக்கட்டும் அண்ணா. ஊட்டி, ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு அடீனியத்தில் நல்ல அடித்தண்டு வரவே வராது, உங்கள் நாற்றை அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார்கள். ஊருக்கு ஊர் எது நன்றாக வருகிறது என்பது மேசையைப் பார்த்ததும் தெரிந்தால் அதுவே புதியவர்களுக்குப் பெரிய பாடம். நர்சரியில் எந்த ஊர்க்காரர் கேட்டாலும் ஒரே பதில்தான், ‘வாரம் ஒருமுறை தண்ணி விடுங்க’. ஐப்பசி மழையில் மயிலாப்பூர் மாடிக்கும் பல்லடத்து மாடிக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரியாக வரும்?

குட்டிச்செடி (மதுரை)

நான் போன சந்திப்பில்தான் சேர்ந்தேன். என்னிடம் இருப்பது எல்லாம் வாங்கிய செடிகள், எதுவும் இன்னும் குட்டி போடவில்லை. இந்த விதி வந்தால் நான் வெறுங்கையோடு வர வேண்டும். சும்மா எடுத்துப் போவதற்குச் சங்கடமாக இருக்கும். என்னைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால் கேட்கிறேன், புதியவர்களுக்கு ஏதாவது விலக்கு உண்டா?

சதுரக்கள்ளி (புதுக்கோட்டை)

தம்பி, விலக்கெல்லாம் வேண்டாம், வேலை கொடுக்கலாம். நான் சொல்வதை எல்லாரும் யோசித்துப் பாருங்கள். மேசைக்கு முன்னால் காலையில் ஒரு மணி நேரம் விதைப்பு வைப்போம். ஆளுக்கொரு சின்னத் தொட்டி, மண்கலவை குழுவே தரும், விதை பழைய உறுப்பினர்கள் தருவார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து விதைத்து, அவரவர் தொட்டியை வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். அதிலிருந்து வருகிற நாற்றில் பாதியை அடுத்த வருஷம் மேசைக்குக் கொண்டுவர வேண்டும், புதியவருக்கு அதுதான் சந்தா. இந்த வருஷம் ஒரு செடி எடுத்துப் போகட்டும், அடுத்த வருஷம் நாலாகத் திருப்பித் தரட்டும்.

விதைப்பு என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. பொடியாகச் சலித்த கலவையை இட்லிப் பானையில் அரை மணி நேரம் ஆவி காட்டி ஆறவிட வேண்டும், பூஞ்சையும், மண்ணில் வளர்கிற கொசு மாதிரிப் பூச்சியின் புழுவும் அதில் போய்விடும். தொட்டியைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏற விட்டு, விதையை மேலே தூவ வேண்டும், மூடக் கூடாது, பெரும்பாலான கள்ளி விதைக்கு வெளிச்சம் பட வேண்டும். அப்புறம் தொட்டியோடு ஜிப்லாக் கவரில் போட்டு மூடி, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்தால் போதும். 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் நட்சத்திர வடிவக் கள்ளியான அஸ்ட்ரோஃபைட்டத்தின் புது விதை சில நாளிலேயே முளைத்துவிடும். பிப்ரவரியில் நம் ஊரில் அந்தச் சூடு தானாகவே கிடைக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு அடியில் ஹீட்டர் வைக்கிறார்கள். முளைத்த பிறகு கவரை ஒரே நாளில் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். அந்த ஒரு கட்டத்தில்தான் நிறைய பேருக்கு நாற்று சாகிறது, மற்றபடி இதில் சூட்சுமம் இல்லை.

குட்டிச்செடி (மதுரை)

மிக்க நன்றி ஐயா. இப்படி என்றால் கண்டிப்பாக வருகிறேன். விதை எப்படிக் கிடைக்கும்? எல்லாச் செடியும் தானாகவே காய்க்குமா?

நிழல்வலை (சேலம்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன். தானாகக் காய்ப்பவையும் உண்டு. ஃபிரைலியா பூவைத் திறக்காமலேயே காய் வைத்துவிடும், மாமில்லேரியாவில் சில வகை தனியாக இருந்தாலும் காய்க்கும், சிவப்பு மிளகாய்ப்பழம் போல முள்ளுக்கு நடுவே எட்டிப் பார்ப்பது அதன் பழம்தான். ஆனால் அஸ்ட்ரோஃபைட்டம் தன் மகரந்தத்தை ஏற்காது, வேறொரு செடியிலிருந்து வர வேண்டும். ஒரே தாயிலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய இரண்டை வைத்துத் தூரிகையால் மகரந்தம் தடவினாலும் பலன் இல்லை, இரண்டும் மரபில் ஒன்றேதான். ஒரே தெருவில் இரண்டு உறுப்பினர் இருந்தால் பூப்பூக்கிற நாளில் செடியைத் தூக்கிக்கொண்டு போகலாம், அதற்காகத்தான் கோடையில் வாட்ஸாப்பில் ‘பூ திறந்திருக்கு’ என்று படம் போடச் சொல்கிறோம். தனியாக உட்கார்ந்து வளர்த்தால் இது நடக்கவே நடக்காது. குழு எதற்கு என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

காய் பழுத்ததும் கவனமாக இருக்க வேண்டும். அஸ்ட்ரோஃபைட்டத்திலேயே ஆஸ்டீரியாஸ் வகையின் காய் அடியில் வெடித்து விதையைக் கொட்டிவிடும், மிரியோஸ்டிக்மா வகை மேலே நட்சத்திரமாக வெடிக்கும். எறும்பு நமக்கு முன்னால் வந்துவிடும். அதனால் காய் பழுக்கும்போது ஒரு டீ பேக் துணியைக் கட்டிவிடுங்கள். ஃபிரைலியா விதையைச் சேமித்து வைக்காதீர்கள், சீக்கிரம் முளைப்புத்திறன் போய்விடும். அடீனியமும் அப்படித்தான், புதிதாக இருக்கும்போதே போட வேண்டும். மாமில்லேரியா, ஃபெரோகாக்டஸ் விதைகள் உலர்ந்த இடத்தில் சில வருஷம் தாங்கும். விதைப் பொட்டலத்தில் எடுத்த மாதத்தை எழுதச் சொல்வது இதனால்தான், பெயரை விட அது முக்கியம் என்றுகூடச் சொல்வேன்.

இன்னொன்று. ஒட்டு மேசை ஒன்றும் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். டிராகன் பழக் கொடி நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, அடிச்செடியாக அதையே வைத்துக் கற்றுத்தரலாம். சின்ன நாற்றுக்குப் பெரெஸ்கியோப்சிஸ், ரொம்ப நாள் நிற்க வேண்டியதற்கு மிர்டில்லோகாக்டஸ்.

மொட்டைமாடி (சென்னை)

அக்கா, ஒட்டு மேசையில் அந்தச் சிவப்பு, மஞ்சள் மூன் காக்டஸ் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். மேலே இருப்பது பச்சையம் இல்லாத ஜிம்னோகேலிசியம், அதற்குச் சொந்தமாக உணவு தயாரிக்க முடியாது, கீழே இருக்கிற டிராகன் கொடி ஊட்டுகிறவரைதான் உயிர். இதை விற்கிறவர் யாரும் சொல்வதில்லை. 1941-ல் ஜப்பானில் ஏய்ஜி வதனாபே என்பவரின் நாற்றுகளில் அந்தச் சிவப்பு வந்தது, ஒட்டுக்கட்டியதால்தான் பிழைத்தது. இந்த விவரம் தெரிந்தால் அதைத் தனியாக எடுத்து மண்ணில் நட மாட்டார்கள். அடிச்செடி கிழடாகும்போது மேல்குட்டியைப் புது அடிச்செடிக்கு மாற்றிக் கட்டவும் கற்றுக்கொள்வார்கள்.

நிழல்வலை (சேலம்)

கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன் காக்டஸ் குட்டிகளை மாற்றிக் கட்டுவதையே பயிற்சியாக வைக்கலாம், வெட்டுவதற்குப் பெரிசாக இருக்கும், வளையமும் தெளிவாகத் தெரியும். இரண்டு வெட்டிலும் நடுவில் தெரிகிற, சாறு ஓடுகிற அந்த நாளவளையம் ஓரிடத்திலாவது ஒன்றோடொன்று தொட வேண்டும், அதுதான் எல்லாம். பிளேடை ஸ்பிரிட்டில் துடைப்பது, அடிச்செடியின் ஓரத்தைச் சாய்வாகச் சீவுவது, மேலே அழுத்தும்போது காற்றுக்குமிழ் இல்லாமல் பார்ப்பது இதையெல்லாம் எழுத்தில் சொன்னால் புரியாது, பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரே முறையில் வரும்.

யூஃபோர்பியா எதையும் அந்த மேசையில் வெட்டக் கூடாது. குழந்தைகள் வருவார்கள். கள்ளிப்பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, கருவிழியே புண்ணாகும். கொம்புக்கள்ளி அதில் மிக மோசம். யாராவது யூஃபோர்பியா குட்டி கொண்டுவந்தால் வீட்டிலேயே வெட்டி, பால் கழுவி, வெட்டு காய்ந்த பிறகு கொண்டுவாருங்கள்.

மலையடிவாரம் (திண்டுக்கல்)

எல்லாம் சரி. முதல் பதிவில் ‘காட்டிலிருந்து பிடுங்கியது வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது என்னைத்தான் என்று எனக்குப் புரிகிறது, போன முறை கள்ளிமுளையான் (காரலுமா) கொண்டுவந்தவன் நான். அது காடு இல்லை, எங்கள் பட்டா நிலத்துக் கரட்டில் முளைத்தது. எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவர்கள் அதைப் பச்சையாகவே ஒடித்துத் தின்பார்கள், ஊறுகாய் போடுவார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த செடியைக் கொண்டாடுகிறோம், நம் மண்ணின் செடியை மேசையில் வைக்கக் கூடாது என்பது எனக்கு ஏற்கவில்லை.

கொங்குமுள் (கோவை)

அண்ணா, உங்களை மனதில் வைத்து எழுதவில்லை, சத்தியமாக. சொந்த நிலத்தில் இருப்பதில் குச்சி ஒடித்து வேர்விட வைத்துக் கொண்டுவந்தால் அது நீங்கள் வளர்த்ததுதான், தாராளமாக வையுங்கள். எனக்குக் கவலை வேறு. நம் குழுவில் படம் போட்டதும் ‘எங்கே கிடைக்கும்’ என்று கேட்டுக்கொண்டு வார இறுதியில் கரடு ஏறுகிறவர்கள் வந்துவிட்டார்கள். காப்புக்காட்டில் செடி எடுப்பது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்தின்படியே குற்றம், அதற்கு அரிய செடியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதோடு உடல் இளைக்க என்று காரலுமா சாறு மாத்திரையாக விற்கத் தொடங்கியதிலிருந்து அந்தச் செடியைக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். நாமும் சேர்ந்து எடுக்க வேண்டுமா?

சதுரக்கள்ளி (புதுக்கோட்டை)

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், சேர்த்துச் செய்யலாம். நம் ஊர்ச் செடிகளுக்கு மேசையில் தனியாக ஓர் ஓரம் ஒதுக்குவோம். கள்ளிமுளையான், சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி, கொடிக்கள்ளி, பிரண்டை, செரோபீஜியா. நான்கைந்து வருஷமாகக் கள்ளி வளர்க்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சதுரக்கள்ளி பூத்துப் பார்த்த அனுபவம் இருக்கிறது? கள்ளி என்று நம் பழம்பாட்டுகளில் வருவதெல்லாம் இந்த யூஃபோர்பியாதான், சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி வந்தது.

மலையடிவாரம் தம்பி, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கரட்டில் கள்ளிமுளையான் பூக்கும்போது பாருங்கள், அழுகிய வாடை அடித்து ஈக்களை இழுக்கும், ஈ வந்தால்தான் காய். காய் இரட்டைக் கொம்பாக நீண்டு வரும், வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும். வெடிக்கும் முன் நூல் கட்டி வைத்து விதை எடுத்துக் கொடுங்கள். ஒரு காயில் கிடைக்கிற விதை குழுவில் இருக்கிற எல்லாருக்கும் போதும், அப்புறம் எதற்கு யாரும் கரடு ஏறப் போகிறார்கள்? முளைக்கவும் நேரம் எடுக்காது. தொட்டியில் முழு வெயிலைத் தவிர்த்து, புதர் நிழலில் இருக்கிற மாதிரி வைத்தால் நன்றாக வரும்.

மலையடிவாரம் (திண்டுக்கல்)

இது நியாயம். விதை எடுத்துத் தருகிறேன். பங்குனிக்குப் பிறகு யாராவது வந்து பார்ப்பதானால் கரட்டைச் சுற்றிக் காட்டவும் தயார், கையில் கவர் கத்தி இல்லாமல் வர வேண்டும், அவ்வளவுதான்.

அட்டகாமா (சென்னை)

நான் மாறுபட்ட கருத்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஆர்வம் எல்லாம் கோப்பியாபோவா, ஏரியோகார்ப்பஸ் மாதிரி மெதுவாக வளர்கிற கள்ளிகள். இவற்றை விதையிலிருந்து வளர்த்து நல்ல உருவம் வருவதற்குள் எனக்கு வயதாகிவிடும். தாய்லாந்திலும் ஐரோப்பாவிலும் நல்ல நர்சரிகள் இருக்கின்றன, அங்கிருந்து வாங்கிய செடியை மேசையில் வைத்து மாற்றிக்கொள்வதில் என்ன தவறு? எல்லாரும் விதைதான் போட வேண்டும் என்றால் குழுவின் சேகரிப்பு சாதாரண செடிகளோடு நின்றுவிடும். நாம் வைக்கிற கண்காட்சிக்கு வருகிற ஜனங்கள் பெரிய செடியைத்தான் பார்க்க வருகிறார்கள்.

கொங்குமுள் (கோவை)

கோப்பியாபோவாவையே எடுத்துக்கொள்வோம். 2020-ல் இத்தாலியில் ஒரே ஆளிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் போலீஸ் பிடித்தது, பெரும்பாலும் சிலியின் அட்டகாமா கரையிலிருந்து பிடுங்கிய கோப்பியாபோவா. அவற்றில் 800-க்கு மேற்பட்டவை அடுத்த வருஷம் விமானத்தில் சிலிக்கே திரும்பப் போயின. கடற்பனியை நம்பி நூறு வருஷம் நின்ற செடிகள் அவை. உலகத்தின் கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) 2015 மதிப்பீடு சொன்னது, காரணங்களில் நம்மைப் போன்ற ஆர்வலர்களுக்காக நடக்கிற சேகரிப்பு முன்னால் நிற்கிறது. நீங்கள் திருட்டுச் செடி வாங்குகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய, வடு நிறைந்த, பழைய செடியை ஆசைப்பட்டு விலை கொடுக்கிற கூட்டம் இருக்கிறவரை யாராவது எங்காவது பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள்.

சட்டமும் முன்பு போல் இல்லை. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையில் கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட முழுவதும் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, ஏரியோகார்ப்பஸ் இன்னும் கடுமையான முதல் பட்டியலில். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் அந்தப் பட்டியலை நம் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது, 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதோடு தாவரத் தனிமைப்படுத்தல் விதிப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்புகிற நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். காகிதம் இல்லாமல் பொம்மை என்று எழுதி வருகிற பார்சல் செடி மேசைக்கு வந்தால் மாட்டுவது எடுத்துப் போகிற புது உறுப்பினர்தான்.

அட்டகாமா (சென்னை)

என் செடிகளுக்குக் காகிதம் இருக்கிறது. உங்கள் வாதம் புரிகிறது, ஆனாலும் சேகரிப்பு என்பதே குற்றம் மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல முதிர்ந்த செடியைப் பார்த்துத்தானே நாம் எல்லாரும் இந்தப் பக்கம் வந்தோம்? ஹரியானாவின் பஞ்ச்குலாவில் ஏழு ஏக்கரில் கள்ளித்தோட்டம் வைத்திருக்கிறார்களே, 1987-லிருந்து நடக்கிறது, அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த ஆர்வமே முழுசாக வந்தது. அங்கே இருப்பதும் உலகமெல்லாம் இருந்து சேர்த்ததுதான்.

நிழல்வலை (சேலம்)

சேர்ப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை தம்பி. உங்கள் முதிர்ந்த செடிகள் பூப்பவை, இல்லையா? அதில் விதை எடுத்துக் கொடுங்கள், அதுதான் குழுவுக்கு நீங்கள் தரக்கூடிய பெரிய பங்கு. காகிதம் உள்ள ஏரியோகார்ப்பஸ் இரண்டு பூத்தால் அதிலிருந்து வருகிற விதை எங்களில் பலருக்கு அந்தச் செடியை வளர்க்க நல்ல வழி. நாற்றைப் பெரெஸ்கியோப்சிஸில் ஒட்டுக்கட்டினால் வயதாகிற வரை காத்திருக்கவும் வேண்டாம், நன்றாக வளர்ந்த பிறகு வெட்டி வேர்விட வைத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கள்ளிச் சங்கம் 1983-ல் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து உருவானது, வருஷாவருஷம் உறுப்பினர்களுக்கு விதைப் பட்டியல் அனுப்புகிறார்கள், கண்காட்சியில் தானே விதையிலிருந்து வளர்த்ததற்குத் தனிப் பிரிவும் வைக்கிறார்கள். பெரிய செடிக்கு ஒரு பிரிவு, சின்னத் தொட்டிக்கு ஒரு பிரிவு என்று தொட்டியின் அளவை வைத்துப் பிரிப்பார்கள், அதனால் புதியவரும் பழையவரும் ஒரே வரிசையில் முட்டிக்கொள்வதில்லை. நம் கண்காட்சிக்கும் அப்படி வைத்தால் உங்கள் செடிகளும் வரட்டும், குட்டிச்செடியின் நாற்றும் வரட்டும்.

அட்டகாமா (சென்னை)

கண்காட்சிக்கு அந்தப் பிரிவினை நல்லது. மேசை விதி பற்றி எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை, ஆனால் ஒரு வருஷம் வைத்துப் பார்க்கலாம். ஏரியோகார்ப்பஸ் விதை கொண்டுவருகிறேன்.

செம்மண்தேரி (திருச்செந்தூர்)

தாமதமாக வருகிறேன். எல்லாரும் எதை வைப்பது என்று பேசுகிறீர்கள், எதோடு சேர்ந்து வருகிறது என்பதை யாரும் பேசவில்லை. செடி மாற்று என்றால் மாவுப்பூச்சி மாற்றும்தான். தொட்டிக்கு மேலே பார்த்தால் போதாது, வேர் மாவுப்பூச்சி மண்ணுக்குள் இருக்கும், தொட்டியைக் கழற்றினால் ஓரத்தில் வெள்ளைப் பொடியாகத் தெரியும். மேசைக்கு வருகிற செடி எல்லாம் மண் உதறி, வெறும் வேரோடு வரட்டும் என்று நான் முன்மொழிகிறேன். கள்ளிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, வேர் காய்ந்து வருவது நல்லதுதான். வீட்டுக்குக் கொண்டுபோனதும் மற்ற செடிகளோடு சேர்க்காமல் ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள். நாற்றுத்தொட்டிக்கு மட்டும் மண்ணோடு அனுமதி, ஆவி காட்டிய மண் என்பதால்.

சப்பாத்திக்கள்ளி வகை கொண்டுவருகிறவர்கள் இன்னும் கவனமாக. வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக வந்தால் அது கொச்சினீல், உடனே ஒதுக்க வேண்டும். அந்தப் பூச்சியின் கதை நம் ஊரோடு சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மெட்ராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டைப் பக்கம் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டார், ஸ்பெயின்காரர்களிடம் இருந்த சிவப்புச் சாய வியாபாரத்தைப் பிடிக்க வேண்டும் என்று. 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சி வந்து சேர்ந்தது, ஆனால் நல்ல சாயம் தருகிற ஜாதி வரவில்லை, மட்டமான காட்டு ஜாதிதான் வந்தது. சாயம் போனது, பூச்சி மட்டும் ஒபன்ஷியா மோனகாந்தா என்ற சப்பாத்திக்கள்ளி வகையைத் தின்று தீர்த்தது. களைச்செடியைப் பூச்சி வைத்து ஒழிக்கலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது அங்கேதான், 1860-களில் அதை வேண்டுமென்றே இலங்கைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அப்புறம் முள் அதிகமான இன்னொரு சப்பாத்திக்கள்ளி தென் தமிழகத்து மேய்ச்சல் நிலத்தையெல்லாம் பிடித்தபோது, 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் ஜாதியைக் கொண்டுவந்துதான் அடக்கினார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘வேலி முழுக்க நாகதாளி நின்னுது, பூச்சி விழுந்து போச்சு’ என்று சொல்வது அதைத்தான். கண்காட்சியில் இதை ஒரு பலகையாக வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, படமும் எழுத்தும் நான் தயார் செய்கிறேன்.

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

நான் இங்கேயிருந்து வாசித்துக்கொண்டு இருக்கிறனான், இந்தக் கதை வந்தபடியால் எழுதுறன். எங்கட பக்கம் சப்பாத்திக்கள்ளியில் அந்தப் பஞ்சு இப்பவும் கிடக்கு. பலகை செய்யேக்க ஒரு விசயம் சேருங்கோ, கள்ளிக் குடும்பம் முழுக்க அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது எண்டாலும் ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா எண்ட ஒண்டு மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே இருக்கு, மரத்தில் தொங்குற, முள்ளில்லாத கள்ளி. ஆக்களுக்கு அது தெரியாது. செடி அனுப்பேலாது, படம் அனுப்பலாம்.

செம்மண்தேரி (திருச்செந்தூர்)

அருமை, அனுப்புங்கள். பலகையில் உங்கள் படத்துக்கு ஓர் இடம் வைத்துவிடுகிறேன்.

மொட்டைமாடி (சென்னை)

வெறும் வேர் விதி நல்ல விதி, ஆனால் கூழாங்கல் மாதிரி இருக்கிற லித்தோப்ஸுக்கும் சின்ன ஹவொர்தியாவுக்கும் விலக்கு கொடுங்கள், பிப்ரவரியில் வேரைத் தொந்தரவு செய்தால் கோடைக்குள் நிலைக்காது. அவற்றைக் கண்ணாடித் தம்ளரில் வைத்துக் கொண்டுவந்தால் ஓரத்து மண் தெரியும், பூச்சி இருந்தால் அங்கேயே பார்த்துவிடலாம்.

கொங்குமுள் (கோவை)

சரி, பெரும்பாலானவர்கள் பேசிவிட்டார்கள். இந்த வருஷம் சோதனையாக வைக்கிறோம். தானே வளர்த்தது மட்டும், சீட்டுடன், வெறும் வேரோடு. நாற்று, லித்தோப்ஸ், சின்ன ஹவொர்தியாவுக்கு மண் அனுமதி. புதியவர்களுக்குக் காலை விதைப்பு, நாட்டுச் செடிகளுக்குத் தனி ஓரம், விற்பனை செய்கிறவர்கள் வாசலுக்கு வெளியே தனியாக வைத்துக்கொள்ளட்டும், மேசைக்கு அருகில் வேண்டாம். அடுத்த வருஷம் நாற்றுகள் திரும்பி வருகிறதா என்று பார்த்துவிட்டு விதியைத் தொடர்வதா என்று பேசுவோம்.

விதைப்புக் கலவைக்கு ஆள் வேண்டும். எம் சாண்ட் சலித்து, தூசி போக நாலு தண்ணீர் அலசி, பெர்லைட்டோடு கலக்க வேண்டும், கோகோபீட்டைக் குறைவாகவே போடுங்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

சதுரக்கள்ளி (புதுக்கோட்டை)

கலவை என் பொறுப்பு. இங்கே செங்கல் சூளையில் பொடி ஜல்லி கிடைக்கிறது, அதையும் சேர்க்கிறேன், அலசி வெயிலில் காயவைத்து மூட்டையாகக் கொண்டுவருகிறேன். ஆவி மட்டும் அங்கே வந்துதான் காட்ட வேண்டும், கோவைக்காரர்கள் இரண்டு பெரிய இட்லிப் பானையும் கேஸ் அடுப்பும் ஏற்பாடு செய்யுங்கள்.

குட்டிச்செடி (மதுரை)

ஐயா, நான் முதல் நாளே கோவை வந்துவிடுவேன், ஆவி காட்டுகிற வேலையை எனக்குக் கொடுங்கள். ஜிப்லாக் கவர் என்ன அளவு வாங்கி வர வேண்டும்?

சதுரக்கள்ளி (புதுக்கோட்டை)

மூன்று அங்குலத் தொட்டி உள்ளே நின்று மேலே ஒரு சாண் காற்று இருக்க வேண்டும், அந்த அளவு பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் ஒன்றில் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துச் சோதித்துவிடுங்கள், கசிகிற கவரில் ஈரம் நிற்காது.